நாயின் உள்ளங்கால் புண்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

"என்ன மருந்து போடலாம்?" உள்ளங்கால் தேய்ந்த நாயைக் கொண்டுவருகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்த வேலையில் மருந்து ஏழாவது படி. சிலவேளை அந்தப் படி தேவைப்படுவதே இல்லை. அழுக்கை எடுத்து, ஈரத்தை எடுத்து, காலில் விழும் பாரத்தைக் குறைத்தால் பாதம் தன்பாட்டில் ஆறும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எந்தக் களிம்பும் எடுபடாது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் நாய்க்குக் கால் பழுதாவதற்குக் காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் கார்ப்பெட் போட்ட தார் ரோட்டுச் சூடு. வேளாண்மை வெட்டி முடிந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், நெல் அடித்தாள் குத்து. மார்கழி வெள்ளத்தில் நாள்கணக்காக ஊறிய விரலிடுக்கு. வாவிக்கரையில் வருடம் முழுக்கப் போத்தல் ஓடும் தூண்டில் முள்ளும். காரணம் எதுவானாலும் கீழே உள்ள ஒழுங்கு மாறாது. படிகளைத் தாண்டாமல் வரிசையாகப் போங்கள்.

1. சாமான்களை முதலில் எடுத்து வையுங்கள்

நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு "கத்தரிக்கோல் எங்க?" என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. ஒருமுறை நழுவிய நாயை அடுத்தமுறை கட்டிலுக்கடியிலிருந்துதான் இழுத்தெடுக்கவேண்டிவரும். எல்லாமே கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பேசினுக்குள் இருக்கட்டும்.

முதல் தேவை உப்புத்தண்ணீர். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றருக்கு உப்பு முக்கால் தேக்கரண்டி, மட்டமாக வழித்து. உடம்பின் உப்பளவும் ஏறக்குறைய இதுதான். அதனால் புண்ணை எரிக்காது. கையளவில் அள்ளிப் போட்டால் எரியும், நாய் இனிமேல் காலையே தராது. செய்ய நேரமில்லையென்றால் பாமசியில் சேலைன் போத்தல் ஒன்று வாங்குங்கள்.

ஊசி கழற்றிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்று, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாவணம், டோர்ச், துவைத்த பழைய பருத்தித் துணி நாலைந்து துண்டு. கட்டுக்கு: வசலின் பூசிய கோஸ், சாதாரண கோஸ் சுருள், பஞ்சுச் சுருள், இழுபடும் பண்டேஜ், பிளாஸ்டர். போவிடோன் அயடின் சிறிய போத்தல். கையுறையையும் மறக்கவேண்டாம். வயல் சேற்றிலும் வெள்ளத்திலும் நடந்த காலில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், உங்கள் கையில் ஒரு கீறல் போதும் அது உள்ளே போக.

இன்னொரு ஆளும் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கால்பக்கம். தனி ஆளாகச் செய்தால் இரண்டு பக்கமும் அரைகுறைதான்.

2. வாயைக் கட்டுங்கள்

"எங்கட நாய் கடியாது" என்று சொல்லாத வீட்டுக்காரரை நான் இன்னும் காணவில்லை. நோவுள்ள காலைத் தொட்டால் எந்த நாயும் திரும்பும். வளர்த்தவர் கை என்று அந்த நொடியில் அதற்குத் தெரியாது.

பழைய சாறனில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மீற்றர் நீளமாகக் கிழித்த துணி போதும். நடுவில் ஒரு வளையம் போட்டு மூக்கின் மேற்புறமாக மாட்டி மெல்ல இறுக்குங்கள். இரு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால், பிடரியில், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். பிடரி முடிச்சு இல்லாவிட்டால் நாய் முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டிக் கழற்றிவிடும்.

வாய் கட்டிய நாயால் மூச்சிரைக்க முடியாது. நாய் சூட்டை வெளியேற்றுவதே அப்படித்தான். எனவே நிழலில் வைத்துச் செய்யுங்கள், சில நிமிடங்களுக்கு மேல் கட்டை விடவேண்டாம். மூக்குச் சப்பையான நாய்க்கும், மூச்சு இளைக்கிற நாய்க்கும், வாந்தி எடுக்கிற நாய்க்கும் வாய்க்கட்டே ஆகாது. அவற்றுக்குத் தலையைச் சுற்றித் தடித்த துவாயைப் போட்டுப் பிடிப்பதுதான் வழி.

கடி பட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அறிமுகமில்லாத நாயின் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி, நடை தள்ளாடினால் தொடவே வேண்டாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது விசர்நோயின் அடையாளமாக இருக்கலாம்.

3. நாலு காலையும் பாருங்கள், நல்ல காலிலிருந்து தொடங்குங்கள்

நொண்டுகிற காலைத்தான் எல்லோரும் முதலில் தூக்குவார்கள். நோவில்லாத காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு நன்மை: நாய் பழகிக்கொள்ளும், அந்த நாயின் உள்ளங்கால் மெத்தை இயல்பில் எப்படி இருக்கும் என்றும் உங்களுக்குத் தெரியும். ஒரு நாயின் சொரசொரப்பு இன்னொரு நாய்க்கு வராது. கிறவல் ரோட்டில் வளர்ந்ததற்கும் சீமெந்துத் தரையில் படுத்தே வளர்ந்ததற்கும் நிறைய வித்தியாசம்.

ஒவ்வொரு விரலின் கீழும் ஒரு சிறு மெத்தை, நடுவில் ஒரு பெரிய மெத்தை. முன்னங்காலின் பின்புறம், மணிக்கட்டுப் பக்கம், தனியாக ஒன்று. விரல்களை விரித்து இடுக்குகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். நகத்தின் அடியையும் விடவேண்டாம்.

தேய்வு என்றால் கறுத்த மேற்தோல் மெலிந்து, நடுவில் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புத் திட்டுத் தெரியும். பெரும்பாலும் பல மெத்தைகளில் ஒரேமாதிரி இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வயலுக்கு ஓடிவரும் நாய்களிடம் இதைத்தான் பார்ப்பீர்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஆள் முன்னால் சைக்கிளில், நாய் பின்னால் ஓட்டத்தில். பாலத்தைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வரும்போதே மெத்தை போய்விடும்.

சூட்டுப் புண் அன்றைக்கே முழுதாகத் தெரியாது. அன்று நாய் பாதத்தை நக்கும், மெத்தை சிவந்து வெப்பமாக இருக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கொப்பளம் கட்டி, தோல் ஒரு மூடி கழன்றதுபோல் உரியும். "நேற்று நல்லாத்தானே இருந்தது" என்று குழம்பவேண்டாம்.

வெட்டு ஒரு கோடாகத் தெரியும், நடக்கும்போது வாய் பிளக்கும். முள் என்றால் ஒரு புள்ளியில் அழுத்தும்போது மட்டும் நாய் காலை வெடுக்கென்று இழுக்கும். நெருஞ்சி முள் கண்ணுக்குத் தெரியும். ஈச்ச முள் உள்ளே முறிந்து கிடக்கும். விரலிடுக்கில் சின்ன அவரைவிதைபோல் எதுவும் ஒட்டியிருந்தால் அது உண்ணியாக இருக்கலாம். சாவணத்தால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுடவோ கைவிரலால் நசுக்கவோ வேண்டாம்.

ஈரத்தில் ஊறிய கால் வேறு விதம். மெத்தை வெளிறி மெதுமெதுப்பாக இருக்கும், விரலிடுக்கு சிவந்து புளித்த வாடை வரும். வெள்ளை நாயென்றால் எச்சில் பட்ட முடி செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். இதற்குக் கட்டுப் போட்டால் இன்னும் மோசமாகும். உலர்த்துவதுதான் வைத்தியம்.

மெத்தை வீங்கி, மெதுவாகி, ஓயாத கடியால் (அரிப்பால்) நாய் பாதத்தையே கவ்விக்கொண்டிருந்தால், அதுவும் மணல் வளவில் வளரும் குட்டியாகவும் முரசு (பல் ஈறு) வெளிறியதாகவும் இருந்தால், கொழுக்கிப்புழுவை நினைக்கவேண்டும். அதன் குடம்பிகள் ஈர மணலிலிருந்து பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே நுழையும். அதே மணலில் வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளின் காலிலும் கடியோடு நெளிநெளியாகத் தடம் எழும்பலாம். களிம்பால் தீராது, மிருக வைத்தியர் சொல்லும் புழு மருந்து வேண்டும். முற்றத்தில் கிடக்கும் மலத்தையும் நாள்தோறும் அள்ளவேண்டும்.

4. வீட்டில் தொடலாமா, கொண்டுபோகவேண்டுமா?

இந்த முடிவைக் கழுவுவதற்கு முன்னமே எடுங்கள். கட்டுப் போட்ட பிறகு எடுத்தால் அங்கே அதை மறுபடி அவிழ்ப்பார்கள், நாய்க்கு இரண்டு தடவை நோவு.

பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை. வெட்டு மெத்தையின் முழு ஆழத்துக்கும் போயிருக்கிறது. உள்ளே ஏதோ இருக்கிறது ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. சீழ், நாற்றம், புழு. மெத்தையின் பெரும்பகுதி உரிந்துவிட்டது. நாய் காலை ஊன்றவே மறுக்கிறது அல்லது சாப்பிடவில்லை. இவற்றில் எது இருந்தாலும் கொண்டுபோங்கள். திடீரென்று ஒரே கால் மளமளவென்று வீங்கினால் பாம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காத்திருக்க நேரமில்லை.

நாலு கால் மெத்தையும் ஒன்றாகத் தடித்துக் கட்டிபட்டு, மூக்கும் வெடித்து, கண்ணில் பீளையும் இருமலும் இழுப்பும் இருந்தால் அது டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். மற்ற நாய்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

தூண்டில் முள் ஏறியிருந்தால் பின்பக்கமாக இழுக்கவேண்டாம். அதன் கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டு வரும். தூண்டில் நரம்பை ஒரு சாண் விட்டு வெட்டி, நாய் அதை விழுங்காதபடி காலோடு சேர்த்துத் துணியால் சுற்றிக்கொண்டு போங்கள்.

பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று நினைத்து நாயைக் கொண்டுபோகாமல் இருப்பவர்கள் பலர். நாயையும் பார்ப்பார்கள். வைத்தியர் பண்ணைகளுக்குப் போகும் நேரமும் உண்டு, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இல்லை.

5. கழுவுங்கள், நினைத்ததைவிட அதிகமாக

இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். மடித்த துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி முதலிலிருந்து. கோப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதையும் அப்பவேண்டாம். இரத்தம் நிற்பதுபோல் தெரியும். ஆனால் அடுத்த நாள் அந்தத் தூளைப் புண்ணிலிருந்து சுரண்டி எடுக்கவேண்டியது யார்?

சுடுபட்ட காலென்றால் கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி 10 நிமிடத்துக்குக் குறையாமல் குளிரவையுங்கள். ஐஸ் கட்டி வைத்தால் இரத்த ஓட்டம் குறைந்து சுட்ட தோல் இன்னும் சாகும். புதிதாகப் போட்ட கொங்கிறீட்டில் நடந்த நாய்க்கும் தண்ணீர்தான், அதைவிட நிறைய: ஈரச் சீமெந்தின் காரம் ஒட்டியிருக்கும்வரை தோலைத் தின்றுகொண்டே இருக்கும். கால் இடுக்கில் தார் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, சவர்க்காரத்தால் எண்ணெயைக் கழுவுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் தாரை எடுக்கும், கூடவே தோலையும் எடுக்கும். நக்கினால் குடலுக்கும் ஈரலுக்கும் கேடு.

மற்ற எல்லாப் புண்ணுக்கும்: முதலில் வெறும் தண்ணீரால் மண்ணையும் சேற்றையும் போக்குங்கள். பிறகு சிரிஞ்சில் உப்புத்தண்ணீர் எடுத்து, புண்ணின் ஓரத்திலிருந்து சாய்வாக, ஓரளவு விசையோடு பீய்ச்சுங்கள். துணியால் துடைத்தால் மணல் உள்ளே பதியும். பீய்ச்சினால் வெளியே வரும். கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். கல்லடி, களுவாஞ்சிகுடி பக்கத்து வளவு மணல் அவ்வளவு நைஸ், புண்ணின் பிளவுக்குள் இருப்பதே தெரியாது. ஓடிவரும் தண்ணீரைப் பேசினில் பிடித்து அடியைப் பாருங்கள். மணல் படிகிறவரை வேலை முடியவில்லை.

"கடல்ல விட்டா ஆறும்" என்பார்கள். கடல் தண்ணீரில் உப்பு நாம் கரைத்ததைவிட மூன்று நான்கு மடங்கு, மணலும் சேர்ந்து வரும். வாவித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நுழைந்த வழியாகவே சாவணத்தால் வெளியே இழுங்கள். ஆழத்தில் இருந்தால் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து இன்னொருமுறை முயலலாம். தையலூசியால் தோண்டுவதை மட்டும் செய்யவேண்டாம். முள் முறியும், துளை பெரிதாகும், நாயும் உங்களை நம்பாது.

உரிந்து தொங்கும் தோலைக் கண்டதும் இழுக்கத்தான் கை போகும். விட்டுவிடுங்கள். செத்த தோலானாலும் அடியிலுள்ள பச்சைத் தசைக்கு அதுதான் மூடி. நடக்கும்போது மடிந்து உறுத்தும் அளவுக்குத் தொங்கினால் வைத்தியர் வெட்டுவார்.

6. ஈரத்தை எடுங்கள்

யாரும் செய்யாத படி இது. கழுவியவுடன் மருந்து, மருந்து போட்டவுடன் கட்டு என்று ஓடுவார்கள். அந்த ஈரம் கட்டுக்குள் அடைபட்டு, இரண்டாம் நாள் அவிழ்க்கும்போது விரலிடுக்குத் தோல் வெள்ளையாக ஊறி உரிந்து வரும். பழைய புண் ஒன்று, நாம் உண்டாக்கியது நாலு.

துணியை மெத்தையில் வைத்து ஒற்றுங்கள், தேய்க்கவேண்டாம். பிறகு புதுத் துணித்துண்டை மடித்து ஒவ்வொரு விரலிடுக்கிலும் செருகி, எண்பது, நூறு எண்ணும்வரை அப்படியே விடுங்கள். இடுக்கு முடி நீளமென்றால் கத்தரிக்கோலைத் தோலுக்குச் சமாந்தரமாகப் பிடித்து வெட்டுங்கள், குத்தாகப் பிடித்தால் விரலிடைச் சவ்வு வெட்டுப்படும். கடைசியில் ஐந்து நிமிடம் மின்விசிறிக் காற்று. தலைமுடி உலர்த்தும் கருவியின் சுடுகாற்று ஆகாது.

7. மருந்து: குறைவாக, சிலவேளை ஒன்றுமில்லாமல்

மேலோட்டமான தேய்வுக்கு மருந்தே வேண்டாம். கழுவி உலர்த்தி, வீட்டுக்குள் துப்புரவான சாக்கில் படுக்கவிட்டால் ஒரு கிழமைக்குள் மேற்தோல் தடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து "என்ன மனே, ஒண்டும் போடல்லையா?" என்று கேட்பார். கேட்கட்டும்.

திறந்த புண்ணுக்குப் போவிடோன் அயடின், ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. சாயம் குறைந்த பிளேன்டீ நிறத்தில் இருக்கவேண்டும். கடுமையாக ஊற்றினால் கிருமியோடு புதிதாக முளைக்கும் தசையும் சாகும். முதல் இரண்டு மூன்று நாளுக்குப் போதும், அதற்குப் பிறகு உப்புத்தண்ணீர் மட்டும்.

டெட்டோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் கலந்த வலித் தைலங்கள், நாகம் (சிங்க்) கலந்த வெள்ளைக் களிம்புகள் எதுவும் நாயின் பாதத்துக்கு வேண்டாம். பாதத்தில் பூசுவது எல்லாம் கடைசியில் வயிற்றுக்குள்தான் போகும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் பற்றி எப்போதும் கேட்பார்கள். திறந்த புண்ணில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்க் காலோடு நாய் முற்றத்தில் இறங்கினால் மணல் அப்பும். அப்பிய மணல் ஒவ்வோர் அடியிலும் புண்ணை அராவும். ஆறிய பிறகு மெத்தை வறண்டு வெடித்திருந்தால், இரவில் துளியளவு தேங்காய் எண்ணெய் தடவுவதில் பிழையில்லை.

நோவுக்கு வீட்டிலிருக்கும் குளிசை எதுவும் கொடுக்கவேண்டாம். இபுப்ரோபேனும் டைக்ளோபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பனடோலும் ஈரலைக் கெடுக்கலாம். நாய்க்கென்று வேறு மருந்து இருக்கிறது, எடை பார்த்து வைத்தியர் தருவார்.

8. கட்டுப் போடுவது

கட்டு எல்லாப் புண்ணுக்கும் இல்லை. வெட்டு, உரிந்த மெத்தை, நடக்கும்போது தரையில் படும் பச்சைத் தசை ஆகியவற்றுக்கு மட்டும். பிழையான கட்டைவிடக் கட்டில்லாமை மேல். இறுகிய கட்டால் பாதமே அழுகிப்போகும்.

முதலில் விரலிடுக்குகள். பஞ்சைச் சின்னத் திரியாகத் திரித்து ஒவ்வோர் இடுக்கிலும் வையுங்கள், மேலே தனியாக நிற்கும் பெருவிரலுக்கும் சேர்த்து. நாய்க்குப் பாத மெத்தையில் வியர்க்கும். பஞ்சு அந்த வியர்வையை வாங்கும், நகம் பக்கத்து விரலைக் கிழிக்காமலும் தடுக்கும்.

இரண்டாவது, காலின் இரு பக்கமும் முடியின் மேல் நீளவாக்கில் ஒவ்வொரு பிளாஸ்டர் கீலம். பாதத்துக்குக் கீழே நாலு விரல் நீளம் தொங்கட்டும், இரண்டையும் தற்காலிகமாக ஒன்றோடொன்று ஒட்டி விடுங்கள். இதன் வேலை பிறகு தெரியும்.

மூன்றாவது, வசலின் கோஸ், புண்ணின் அளவுக்கு மட்டும். வெறும் பஞ்சைப் புண்ணில் வைத்தால் அதன் நார் ஒட்டிக்கொண்டு, மாற்றும்போது புதுத் தோலோடு பிய்யும்.

நாலாவது, பஞ்சுச் சுருள். விரல் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடவேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் இரத்தம் பாதத்தில் தேங்கி விரல் வீங்கும். மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் உயரம்வரை போங்கள். பாதத்தை மட்டும் பொட்டலம் கட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. நாயின் பாதம் கீழே ஒடுங்கியது, பிடிமானம் இல்லை, முற்றத்தில் ஒரு சுற்று ஓடினால் கட்டு வழியில் கிடக்கும்.

நடு விரல்கள் இரண்டின் நகமும் நுனியும் வெளியே தெரியட்டும். கட்டு இறுகிவிட்டதா என்று உங்களுக்குச் சொல்ல அந்த இரண்டும்தான் உண்டு.

ஐந்தாவது, கோஸ் சுருள், அதே திசை, அதே பாதி மூடல். இப்போது தொங்கும் பிளாஸ்டர் கீலங்களைப் பிரித்து, மேல்நோக்கித் திருப்பி, கோஸின் மேல் ஒட்டுங்கள். ஒட்டும் பக்கம் கோஸைப் பிடித்துக்கொள்ளும். கட்டு இனிக் கழன்று வராது.

கடைசியாக இழுபடும் பண்டேஜ். சுருளை முழுதாக அவிழ்த்து, தளர்வாக மறுபடி சுருட்டிக்கொண்டு அப்புறம் சுற்றுங்கள். சுருளிலிருந்து நேராக இழுத்துச் சுற்றினால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று கைக்குத் தெரியாது, அது பிறகு தானாகவும் சுருங்கும். முடிந்ததும் கட்டின் மேல்விளிம்புக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். நுழையாவிட்டால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். "பரவாயில்ல" என்று விடும் இடம் இது அல்ல. ரப்பர் பான்டும் நூலும் எந்தக் காரணத்துக்காகவும் போடவேண்டாம். முடிக்குள் மறைந்து, வீங்கிய காலை அறுத்து, விரலோடு போன நாய்கள் உண்டு.

வெளியே போகும்போது மட்டும் மேலே பொலித்தீன் பை. உள்ளே வந்ததும் கழற்றுங்கள். பையோடு விட்டால் வியர்வையில் ஆறாம் படி முழுக்க வீண்.

9. நக்கவிடாதீர்கள்

நாயின் எச்சில் மருந்து என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் அசையாது. ஒருதரம் நக்குவதால் குடி முழுகாது. ஆனால் இரவெல்லாம் நக்கினால் புதுத்தோல் ஊறிக் கரையும், வாயின் கிருமியும் சேரும், தையல் இருந்தால் அதுவும் போகும். கழுத்துப் புனல் கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றைக் கூம்பாக வளைத்து, கூரிய ஓரங்களில் பிளாஸ்டர் ஒட்டிக் கழுத்துப்பட்டியோடு கட்டலாம். மூக்கு நுனியைத் தாண்டி மூன்று விரல் நீளம் இருக்கவேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றி, பக்கத்திலேயே நில்லுங்கள்.

10. தினமும் பாருங்கள்

முதல் மூன்று நாள் தினமும் மாற்றுங்கள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நனைந்தால் அந்த நேரமே. வெளியே தெரியும் இரண்டு விரலையும் காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள்: குளிர்ந்திருந்தாலோ, நகங்கள் ஒன்றைவிட்டொன்று விலகி விரிந்திருந்தாலோ கட்டு இறுகியிருக்கிறது, உடனே அவிழ்த்துவிடுங்கள். அதுவரை சும்மா இருந்த நாய் திடீரென்று கட்டைக் கடித்தால் "குழப்படி" என்று அடட்டவேண்டாம். உள்ளே ஏதோ பிழை, அதைத்தான் சொல்கிறது.

கட்டை மூக்கருகில் பிடித்து மணந்து பாருங்கள். இலேசான மருந்து மணம் சரி. புளித்த, அழுகிய நாற்றம் என்றால் வைத்தியர். ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தால் மண்ணெண்ணெயும் பூச்சி உருண்டையும் போடும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் நாய்க்கு நஞ்சு. புழு தசைக்குள் குடைந்து போகும், கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தால் முடிந்துவிட்டதென்று அர்த்தமில்லை.

மூன்று நான்கு நாளில் திருத்தம் தெரியாவிட்டால் வீட்டு வைத்தியத்தை நீட்டவேண்டாம்.

11. ஓய்வு, பிறகு நடை

நாய் நொண்டாமல் நடந்தவுடன் படலையைத் திறந்துவிடுவதுதான் புண் திரும்ப வெடிப்பதற்கு முதற்காரணம். நோவு முதலில் போகும், தோல் பிறகுதான் தடிக்கும். நாயின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் விழுகிறது, எனவே முன்னங்கால் புண்ணுக்கு இன்னும் சில நாள் கூட்டுங்கள். மேலோட்டத் தேய்வுக்கு ஒரு கிழமை. முழு மெத்தை உரிந்ததென்றால் மூன்று கிழமையும் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்கும்வரை வீட்டுத்தரை, புல். நிறம் கறுத்துச் சொரசொரப்பு வந்த பிறகு, விடியப்புறக் கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணலில் ஐந்து பத்து நிமிடம். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி. கிறவல் அதற்குப் பிறகு. தார் ரோடு கடைசி.

இந்த நாட்களில் நகத்தையும் வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் தரையில் முட்டினால் விரல் பின்னால் சாய்ந்து, ஆறிவரும் மெத்தையின் ஒரே இடத்தில் பாரம் விழும்.

12. ரோட்டுச் சூடு

காற்றின் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டிய நாளில் வெயில் விழும் தார் ரோடு 50 பாகைக்கு மேல் போகும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வையுங்கள். வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. செருப்புப் போட்ட நமக்கு இது உறைப்பதில்லை.

பொழுது பட்டதும் ரோடு குளிர்ந்துவிடும் என்று நம்பி ஆறு மணிக்கே கிளம்புகிறார்கள். சித்திரை, வைகாசியில் தார் இருட்டிய பிறகும் சூட்டை விடாது. விடியற்காலைதான் நல்லது. வயலுக்குக் கூட்டிப்போவதென்றால் நாயைச் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடாமல் லேண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய வட்டைக்குள் இறங்கவிடாமல் வரம்பில் நிற்கப் பழக்கினால் தாள் குத்தும் பாதியாகக் குறையும்.

13. கட்டாக்காலி நாய் என்றால்

மறுநாள் கட்டாயம் பிடிக்கலாம் என்ற நிச்சயம் இல்லாத நாய்க்குக் கட்டுப் போடவேண்டாம். நல்ல மனத்தோடு போட்ட கட்டு அவிழ்க்க ஆளில்லாமல் பத்து நாள் காலில் கிடந்து, மழையில் நனைந்து, பாதத்தையே தின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாய்க்குச் சாப்பாடு வைத்து நின்றநிலையில் சிரிஞ்சால் உப்புத்தண்ணீர் பீய்ச்சுங்கள், முடிந்தால் ஒற்றி உலர்த்துங்கள், அவ்வளவுதான்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் யாராவது ஒருவர் வளவு தரவேண்டும்: நிழல், சீமெந்துத் தரை, ஒரு சாக்கு, பூட்டக்கூடிய படலை. இந்த நாலும் கிடைத்த பிறகு நாயைப் பிடியுங்கள். பிடித்ததும் விசர்நாய்த் தடுப்பூசிக்கும் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், கால் ஆறி வெளியே விடுமுன் அதையும் போட்டுவிடலாம்.